ஃப்ளட்டர் செயலிக்குத் தீம் அமைப்பது எப்படி? விதை நிறத்திலிருந்து இருள் திரை வரை

என் மாமா பால் வியாபாரம் செய்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு வண்டி கிளம்பிவிடும். எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்குக்காக, கூகுளின் செயலி எழுதும் கருவியான ஃப்ளட்டரில் ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தேன். முதல் வாரமே இரண்டு குறைகள் சொன்னார். இருட்டில் திறந்தால் வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது. பதினொரு மணி வெயிலில் வசூலுக்குப் போனால் சாம்பல் நிற எழுத்து தெரியவே இல்லை.

நிறத்தை மாற்றினால் இரண்டும் தீர்ந்துவிடும். ஆனால் 14 திரைகளிலும் நிறங்களை அந்தந்த இடத்திலேயே எழுதி வைத்திருந்தேன். தேடித் தேடி மாற்றுவதற்கு மூன்று இரவுகள் ஆயின. அதற்குப் பிறகும் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன. முதல் நாளே தீம் என்ற ஒன்றை, அதாவது நிறம், எழுத்து போன்ற தோற்ற முடிவுகளை ஓரிடத்தில் வைக்கும் தொகுப்பை, ஒழுங்காக அமைத்திருந்தால் ஒரே கோப்பில் முடிந்திருக்கும் வேலை அது. ஃப்ளட்டரில் இப்போதுதான் கால் வைத்திருப்பவர்கள் அந்த மூன்று இரவுகளைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. திரையில் எங்கேயும் நிறத்தின் பெயரை எழுதாதீர்கள், அந்த நிறம் செய்கிற வேலையின் பெயரை எழுதுங்கள். ‘பச்சை’ என்று எழுதினால் இருளிலும் வெயிலிலும் அது அதே பச்சைதான். ‘முதன்மை நிறம்’ என்று எழுதினால், அது இப்போது எந்த நிறமாக இருக்க வேண்டும் என்பதைத் தீம் முடிவு செய்யும்.

இங்கே வரும் கட்டளைகளையும் வகுப்புப் பெயர்களையும் ஒலி வடிவில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். பாதி தட்டும்போதே மீதியை அதுவே காட்டிவிடும்.

டிசைன் சிஸ்டம் என்றால்

நிறம், எழுத்தளவு, மூலை வளைவு, இடைவெளி, பட்டன், அட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த விதிகளின் தொகுப்பு அது. கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014இல் வந்தது. ஆண்ட்ராய்டு 12ஐ ஒட்டி 2021இல் அதன் மூன்றாம் தலைமுறையை அறிவித்தார்கள். அதைத்தான் மெட்டீரியல் 3 என்கிறோம். 2023 நவம்பரில் வந்த ஃப்ளட்டர் 3.16 முதல் புதிதாகத் தொடங்கும் செயலிகளுக்கு மெட்டீரியல் 3தான் இயல்பு நிலை. பழைய பாடங்களில் ‘யூஸ்மெட்டீரியல்3’ என்பதை ட்ரூ என்று வைக்கச் சொல்வார்கள். இப்போது அது தேவையில்லை.

மெட்டீரியல் வேண்டாம், நானே புதிதாக ஒரு அமைப்பை உருவாக்குகிறேன் என்று தொடக்கத்திலேயே இறங்காதீர்கள். ஒரு அமைப்பை முழுதாகப் புரிந்துகொண்ட பிறகுதான் அதில் எதை மாற்றலாம் என்பதே தெரியும்.

தொடங்கும் முன்

டெர்மினலில் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கட்டளையை ஓட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். பிறகு ‘ஃப்ளட்டர் கிரியேட்’ போட்டுப் புதிய செயலியைத் தொடங்குங்கள். லிப் கோப்புறைக்குள் ‘தீம்’ என்று ஒரு கோப்புறை. அதற்குள் மூன்று கோப்புகள்: நிறங்களுக்கு ஒன்று, எழுத்துகளுக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து முழு தீமாகக் கட்டித் தர ஒன்று. இதற்கு மேல் பிரிக்க வேண்டாம்.

விதை நிறம்

மெட்டீரியல் 3இல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீங்கள் ஒரே ஒரு நிறம் கொடுத்தால் போதும். ‘கலர்ஸ்கீம்.ஃப்ரம்சீட்’ அந்த விதையிலிருந்து செயலிக்கு வேண்டிய எல்லா நிறங்களையும் முளைக்க வைத்துவிடும். பால் கணக்குச் செயலிக்கு அடர் நீலப்பச்சையை எடுத்தேன். ‘கலர்.ஃப்ரம்ஏஆர்ஜிபி’ என்று தட்டி அடைப்புக்குறிக்குள் 255, 0, 96, 100 என்று கொடுங்கள். முதல் எண், நிறம் எவ்வளவு ஒளி ஊடுருவாதது என்பதைச் சொல்கிறது. மற்ற மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். இதை ‘சீட்கலர்’ என்ற இடத்தில் வைத்து, ‘பிரைட்னெஸ்’ என்ற இடத்தில் லைட் என்று கொடுத்தால் பகல் நிறத்தட்டு தயார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். நிறத்தை மூன்று அளவுகளாகப் பிரிக்கிறார்கள்: எந்த வண்ணம், எவ்வளவு செறிவு, எவ்வளவு வெளிச்சம். வெளிச்சத்தின் அளவைத்தான் டோன் என்கிறார்கள். டோன் 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. பகல் தீமில் முதன்மை நிறம் டோன் 40இல் இருக்கும், அதன்மேல் வரும் எழுத்து 100இல். இருள் தீமில் முதன்மை நிறம் 80இல், எழுத்து 20இல். இரண்டிலும் இடைவெளி 60. டோன் இடைவெளி 50 இருந்தாலே எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே 4.5க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) கிடைத்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கு வலை அணுகல் விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஆகவே விதை எந்த நிறமாக இருந்தாலும் எழுத்து படிக்கும்படி இருக்கும். மாமாவின் வெயில் பிரச்சினைக்கான மருந்து இதற்குள்தான் இருந்தது.

இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை திகைப்பார்கள். பளிச்சென்ற சிவப்பை விதையாகக் கொடுப்பீர்கள், திரையில் செங்கல் நிறம்போல வந்து நிற்கும். மஞ்சளைக் கொடுத்தால் பழுப்பு கலந்த பாசி நிறம் வரும். ஏதோ பிழை என்று நினைக்க வேண்டாம். விதை நிறம் அப்படியே திரைக்கு வருவதில்லை. அதன் வண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, செறிவைத் தணித்து, டோன் 40க்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளை எழுத்தைத் தாங்கும் அளவுக்கு மஞ்சளை இருட்டாக்கினால் அது மஞ்சளாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

கடையின் சின்னத்தில் உள்ள நிறத்துக்கு நெருக்கமாகவே வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ‘டைனமிக்ஸ்கீம்வேரியன்ட்’ என்ற இடத்தில் ‘ஃபிடெலிட்டி’ என்று கொடுத்துப் பாருங்கள், விதைக்கு இன்னும் நெருங்கி வரும். அதுவும் போதவில்லை என்றால், ஃப்ரம்சீட் உள்ளேயே ‘பிரைமரி’ என்ற முதன்மை நிற இடத்தில் உங்களுக்கு வேண்டிய நிறத்தைக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால், அதன்மேல் வரும் எழுத்தின் நிறமான ‘ஆன்பிரைமரி’யையும் நீங்களே பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கான்ட்ராஸ்ட் உத்தரவாதம் போய்விடும்.

நிறங்கள் ஜோடியாகத்தான் வருகின்றன என்பதை நன்றாக மனத்தில் பதியுங்கள். பிரைமரிமேல் ஆன்பிரைமரி. திரைப் பின்னணியான சர்ஃபேஸ்மேல் ஆன்சர்ஃபேஸ். பிரைமரிகன்டெய்னர்மேல் ஆன்பிரைமரிகன்டெய்னர். ஒரு ஜோடியின் பின்னணியையும் இன்னொரு ஜோடியின் எழுத்தையும் சேர்த்துவிட்டால் பகலில் அழகாகத் தெரிந்தது இருளில் காணாமல் போகும். அட்டைகள், பட்டியல் வரிசைகள் போன்றவற்றுக்கு ‘சர்ஃபேஸ்கன்டெய்னர்’ குடும்பம் இருக்கிறது. லோயஸ்ட் முதல் ஹையஸ்ட் வரை ஐந்து படிகள். பழைய பாடங்களில் வரும் ‘பேக்கிரவுண்ட்’ நிறத்தை இப்போது கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் சர்ஃபேஸைப் பயன்படுத்துங்கள்.

‘எரர்’ நிறத்தைப் பிழைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அழகாக இருக்கிறதே என்று தலைப்புக்குப் போட்டால், நிஜமாகவே பிழை வரும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இருள் தீம்

அதே விதை, அதே ஃப்ரம்சீட். பிரைட்னெஸ் மட்டும் டார்க். ஒவ்வொரு நிறத்தட்டையும் ‘தீம்டேட்டா’ என்ற முழு தீம் வகுப்பின் ‘கலர்ஸ்கீம்’ இடத்தில் வையுங்கள். பிறகு செயலி முழுவதையும் சுற்றி நிற்கும் மெட்டீரியல்ஆப் விட்ஜெட்டில் (ஃப்ளட்டரில் திரையின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு விட்ஜெட்) மூன்று இடங்களை நிரப்புங்கள்: ‘தீம்’ இடத்தில் பகல், ‘டார்க்தீம்’ இடத்தில் இருள், ‘தீம்மோட்’ இடத்தில் சிஸ்டம். போன் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பின்பற்றிச் செயலி தானே மாறும்.

இருள் தீம் என்பது பகல் தீமைத் தலைகீழாக்கியது அல்ல. பின்னணி முழுக் கறுப்பாக இருக்காது, டோன் 6இல் விதையின் சாயல் லேசாகக் கலந்த கருமையாக இருக்கும். முழுக் கறுப்பில் தூய வெள்ளை எழுத்தைப் போட்டால் விடியற்காலை இருட்டில் எழுத்தைச் சுற்றி ஒளி பரவுவதுபோல் எனக்குத் தெரிகிறது. ஆகவே அந்தக் கருமையை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது.

தமிழ் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

மெட்டீரியல் 3இல் 15 எழுத்து நடைகள் இருக்கின்றன. டிஸ்ப்ளே, ஹெட்லைன், டைட்டில், பாடி, லேபிள் என ஐந்து குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் பெரியது, நடுத்தரம், சிறியது. பெரிய டிஸ்ப்ளே 57 அளவில் இருக்கும், சிறிய லேபிள் 11இல். பெரும்பாலான செயலிகளுக்கு இதில் ஆறேழு போதும். பால் கணக்கில் டிஸ்ப்ளே குடும்பத்தை ஒரே இடத்தில்தான் தொட்டேன்: மாதக் கடைசியில் மொத்தப் பாக்கியைக் காட்டும் அந்த ஒரு எண்.

இந்த அளவுகளெல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துப் போட்டவை. தமிழுக்கு அப்படியே எடுத்தால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது வரி உயரம். நம் எழுத்தில் மேலே ‘கீ’யின் சுழி எழும்பும், கீழே ‘ழு’, ‘ஞு’ இறங்கும். இரண்டு வரி சேர்ந்து வந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். பாடி நடைகளுக்கு ‘ஹைட்’ அளவை 1.6 அளவுக்கு ஏற்றுங்கள். தலைப்புக்கு 1.4 போதும். நீங்கள் எடுக்கும் எழுத்துருவைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது எழுத்து இடைவெளி. பெரிய பாடி நடையில் 0.5 அளவு இடைவெளி உண்டு. ஏற்கெனவே அகலமான தமிழ் எழுத்துகளுக்கு நடுவே இது சேர்ந்தால் சொல் தளர்ந்து, ஒரே சொல்தானா என்று சந்தேகம் வரும். ‘லெட்டர்ஸ்பேசிங்’ அளவை எல்லா நடைகளிலும் 0 ஆக்கிவிடுங்கள்.

மூன்றாவது நீளம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் ‘சேவ்’ என்ற சொல், தமிழில் ‘சேமிக்கவும்’ என்று விரியும். பட்டனுக்கு அகலத்தை எண்ணில் நிர்ணயித்து வைத்தால் சொல் உடைந்துவிடும். அகலத்தை உள்ளே இருக்கும் சொல்லே தீர்மானிக்கட்டும். ‘சேமி’ என்று சுருக்கமாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எழுத்துருவுக்கு நான் முக்தா மலர் எடுத்தேன். எக் டைப் வடிவமைத்து, திறந்த உரிமத்தில் கிடைப்பது. தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் இருப்பதால், ‘2 லிட்டர்’ போன்ற எண் கலந்த வரிகள் ஒட்டாமல் தெரியாது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழும் நல்ல தேர்வுதான். ‘கூகுள் ஃபான்ட்ஸ்’ பேக்கேஜ் (செயலியில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) வழியாக எழுத்துருவைச் சேர்க்கலாம். ஆனால் கோப்பைச் செயலிக்குள் வைக்காவிட்டால் அது செயலி ஓடும்போது இணையத்திலிருந்துதான் எழுத்துருவை எடுக்கும். சிக்னல் கிடைக்காத தெருவில் முதல்முறை திறப்பவருக்கு வேறு எழுத்துரு தெரியும். அதனால் கோப்புகளை இறக்கிச் செயலிக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் என் வழக்கம்.

அதற்கு, ‘பப்ஸ்பெக்’ கோப்பின் ஃபான்ட்ஸ் பகுதியில் குடும்பப் பெயரையும் ஒவ்வொரு கோப்பின் இடத்தையும் எழுதுங்கள். தடிமன் எண்களையும் மறக்காமல் கொடுங்கள்: 400, 500, 700. 700க்கு உரிய கோப்பைத் தராமல் தடித்த எழுத்து கேட்டால், ஃப்ளட்டர் சாதாரண எழுத்தையே செயற்கையாகத் தடிக்க வைக்கும். தமிழில் அது சுழிகளை அடைத்து ‘ணை’, ‘ளை’ போன்றவற்றை மை பூசியதுபோல் ஆக்கிவிடும். அந்தக் கோப்பில் உள்தள்ளல் முக்கியம். ஒரு இடைவெளி தவறினாலும் எழுத்துரு வராது. அப்புறம் ‘தீம்டேட்டா’வின் ‘ஃபான்ட்ஃபேமிலி’ இடத்தில் அதே பெயரைக் கொடுத்தால் செயலி முழுவதும் மாறிவிடும்.

திரையில் எழுத்து எழுதும்போது, அளவை எண்ணாகப் போடாதீர்கள். ‘தீம்.ஆஃப்’ வழியாக டெக்ஸ்ட்தீமை எடுத்து, அதிலிருந்து பாடிலார்ஜ் அல்லது டைட்டில்மீடியம் என்று நடையின் பெயரைச் சொல்லுங்கள். நிறத்துக்குச் சொன்ன விதியேதான் இது.

பட்டன், அட்டை, மேல்பட்டை

தீம்டேட்டாவுக்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித் தீம் இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. இயல்பு நிலை பிடிக்காத இடத்தை மட்டும் தொடுங்கள்.

பட்டனிலிருந்து தொடங்குங்கள். மெட்டீரியல் 3 பட்டன் 40 உயரத்தில் வரையப்படும். தொடும் பரப்பு மட்டும் 48 வரை நீளும். ஈரக் கையோடு ஒரு கையில் பால் கேனைப் பிடித்தபடி தொடுபவருக்கு அது போதாது. ‘ஃபில்டுபட்டன்தீம்’ உள்ளே ஸ்டைல்ஃப்ரம் வழியாக ‘மினிமம்சைஸ்’ அளவைக் கொடுத்தேன்: அகலம் 64, உயரம் 56. இங்கே ஒரு குழி இருக்கிறது. பலர் ‘சைஸ்.ஃப்ரம்ஹைட்’ என்று உயரத்தை மட்டும் கொடுக்கிறார்கள். அது அகலத்தை முடிவிலியாக வைத்துக்கொள்ளும். ஒரு நெடுவரிசையில் பட்டன் திரை அகலத்துக்கு விரிந்து நன்றாகவே இருக்கும். அதே பட்டனை, கிடைவரிசையான ஒரு ‘ரோ’வுக்குள் வைத்தால் முடிவற்ற அகலம் என்ற சிவப்புப் பிழை வந்து திரையே நின்றுவிடும். தீமில் எழுதும் அளவு எல்லா இடத்துக்கும் போகும் என்பதால் அகலத்தையும் எண்ணில் கொடுத்துவிடுங்கள்.

அட்டையின் மூலை வளைவு இயல்பாக 12. உரையாடல் பெட்டிக்கு 28. எதையும் மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே போக்கில் மாற்றுங்கள். அட்டை கூர்மையாகவும் பெட்டி உருண்டையாகவும் இருந்தால் இரண்டு செயலிகளை ஒட்டியதுபோல் இருக்கும். இன்னொன்று: புதிய ஃப்ளட்டர் பதிப்புகளில் தீம்டேட்டாவுக்குள் கொடுக்க வேண்டியது ‘கார்டுதீம்டேட்டா’. பழைய பாடத்தைப் பார்த்துக் ‘கார்டுதீம்’ என்று எழுதினால் வகை பொருந்தவில்லை என்று பிழை வரும்.

மேல்பட்டை பற்றி நிறையப் பேர் கேட்பது இது: முன்பெல்லாம் மேல்பட்டை முதன்மை நிறத்தில் இருந்ததே, இப்போது ஏன் வெளிறிக் கிடக்கிறது? மெட்டீரியல் 3இல் அதன் நிறம் சர்ஃபேஸ்தான். பட்டியலை மேலே தள்ளும்போது லேசாக நிறம் மாறி, அடியில் ஏதோ போகிறது என்று காட்டும். அது வேண்டாம் என்றால் ‘ஆப்பார்தீம்’ உள்ளே ‘ஸ்க்ரோல்டுஅண்டர்எலிவேஷன்’ அளவை 0 ஆக்குங்கள். பழைய தோற்றம் வேண்டும் என்றால் பின்னணிக்குப் பிரைமரியும் ‘ஃபோர்கிரவுண்ட்கலர்’ இடத்தில் ஆன்பிரைமரியும் சேர்த்துக் கொடுங்கள். ஜோடி மறக்க வேண்டாம்.

மெட்டீரியலில் இல்லாத நிறங்கள்

பால் கணக்குக்கு நான்கு நிறங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. பசும்பால், எருமைப்பால், பணம் வந்தது, பாக்கி நிற்கிறது. இவற்றில் எதற்கும் மெட்டீரியலில் பெயர் கிடையாது. பாக்கிக்கு எரர் நிறத்தைப் போடலாமே என்று தோன்றும். ஆனால் பாக்கி என்பது பிழை இல்லை. மாதம் முடியும்வரை பாக்கி நிற்பது பால் வியாபாரத்தின் இயல்பு. வாடிக்கையாளர் பெயரெல்லாம் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தால் பார்ப்பவருக்குத் தவறான செய்தி போகும்.

இதற்காக ஃப்ளட்டர் தருவது ‘தீம்எக்ஸ்டென்ஷன்’. அதை நீட்டித்து ‘பால்நிறங்கள்’ என்ற பொருள்படும் ஒரு வகுப்பு எழுதுங்கள். நான்கு நிறங்களும் அதன் புலங்கள். ஒவ்வொன்றுக்கும் மேல் வரும் எழுத்தின் நிறத்தையும் சேர்த்து எட்டாக வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு செயல்பாடுகளைக் கட்டாயம் எழுத வேண்டும். ‘காப்பிவித்’ என்பது சில புலங்களை மட்டும் மாற்றி நகல் எடுப்பது. ‘லெர்ப்’ என்பது இரண்டு தீம்களுக்கு நடுவே உள்ள நிறத்தைக் கணக்கிடுவது. இந்த இரண்டாவதைப் பார்த்துப் புதியவர்கள் மிரளுகிறார்கள். பகலிலிருந்து இருளுக்கு மாறும்போது ஃப்ளட்டர் சட்டென்று தாவாமல் 200 மில்லிநொடிகளில் மெல்ல நகர்த்துகிறது. அந்த நகர்வின் நடுவே உங்கள் நிறம் என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் லெர்ப். ஒவ்வொரு புலத்துக்கும் ‘கலர்.லெர்ப்’ போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

எழுதிய வகுப்பைத் தீம்டேட்டாவின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலில் சேருங்கள். பகல் தீமில் ஒன்று, இருள் தீமில் இன்னொன்று. இருளில் சேர்க்க மறந்தால் பகல் முழுவதும் செயலி நன்றாக ஓடும். போன் இருள் நிலைக்கு மாறும் நேரத்தில் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற) பிழையோடு விழும். பகலில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் வந்ததற்குப் பச்சை, பாக்கிக்குச் செம்மஞ்சள் என்று நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சரிக்குறியும், ‘பாக்கி’ என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டு 12 முதல், போனின் வால்பேப்பரிலிருந்து செயலியின் நிறத்தை எடுக்கும் வசதியும் உண்டு. ‘டைனமிக் கலர்’ பேக்கேஜ் அதைத் தரும். குறிப்பேடு, வானிலை போன்ற செயலிகளுக்கு இனிமையாக இருக்கும். பணக் கணக்கு எழுதும் செயலிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேரனின் படத்தை வால்பேப்பராக மாற்றியதும் கணக்கின் நிறம் மாறினால் பெரியவர்கள் குழம்புவார்கள்.

பயனரே தேர்ந்தெடுக்க

போனின் நிலையைப் பின்பற்றுவது நல்ல இயல்பு. என்றாலும் சிலர் போனை எப்போதும் பகல் நிலையிலேயே வைத்திருப்பார்கள், இந்தச் செயலி மட்டும் இருளாக வேண்டும் என்பார்கள். மாமா அப்படித்தான்.

தீம்மோடை ஒரு ‘வேல்யூநோட்டிஃபையர்’ (மதிப்பு மாறினால் அறிவிக்கும் பொருள்) உள்ளே வையுங்கள். மெட்டீரியல்ஆப்பைச் சுற்றி, அந்த அறிவிப்பைக் கேட்டு மறுபடி கட்டும் ‘வேல்யூலிசனபிள்பில்டர்’ போடுங்கள். அமைப்புத் திரையில் ஒரு ‘செக்மென்டட்பட்டன்’: போன்படி, பகல், இருள். தொட்டதும் நோட்டிஃபையரின் மதிப்பை மாற்றினால் செயலி முழுவதும் மாறும். இதற்காகச் செயலியின் நிலையைக் கையாளும் பெரிய ஸ்டேட் மேனேஜ்மென்ட் பேக்கேஜ் எதுவும் வேண்டாம்.

தேர்வு நினைவில் நிற்க, ‘ஷேர்டு பிரிஃபரன்சஸ்’ பேக்கேஜில் மோடின் பெயரைச் சொல்லாகச் சேமியுங்கள். மெயின் செயல்பாட்டில் செயலியைத் தொடங்கும் ‘ரன்ஆப்’ வருவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கணம் பகல் தீம் தெரிந்து பிறகு இருளாகும். அப்படி முன்னாலேயே படிக்க, முதல் வரியில் ‘விட்ஜெட்ஸ்ஃப்ளட்டர்பைண்டிங்.என்ஷூர்இனிஷியலைஸ்டு’ என்று அழையுங்கள்.

இதைச் செய்த பிறகும் திறக்கும்போது ஒரு வெள்ளை மின்னல் வரலாம். அது ஃப்ளட்டர் எழும்புவதற்கு முன் ஆண்ட்ராய்டே காட்டும் திரை. அதற்கு உங்கள் செயலிக்குள் பயனர் என்ன தேர்ந்தெடுத்தார் என்று தெரியாது, போனின் நிலை மட்டுமே தெரியும். ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் ‘வேல்யூஸ்’, ‘வேல்யூஸ்-நைட்’ என்ற இரண்டு இடங்களில் ஸ்டைல்ஸ் கோப்புகள் இருக்கும். தொடக்கத் திரைக்குத் தூய வெள்ளைக்குப் பதில் இரண்டிலுமே உங்கள் அடர் விதை நிறத்தை வைத்தால் கண் கூசாது. விடியற்காலையில் பார்ப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி.

மாற்றினேன், மாறவில்லை என்றால்

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். தீம் ஒன்றை வகுப்புகளுக்கு வெளியே ‘ஃபைனல்’ மாறியாக எழுதியிருந்தால், ஓடும் செயலியிலேயே மாற்றத்தைப் புகுத்தும் ஹாட் ரீலோட் அதைத் திரும்பக் கணக்கிடாது. செயலியை முதலிலிருந்து ஓட்டும் ஹாட் ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது தீம் ஒன்றைக் கட்டித் தரும் செயல்பாடாக எழுதுங்கள்.

மற்றொன்று, மெட்டீரியல்ஆப்பைக் கட்டும் அதே ‘பில்டு’ செயல்பாட்டுக்குள் தீம்.ஆஃப் அழைப்பது. அங்கே இருக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ (விட்ஜெட் அடுக்கில் அது நிற்கும் இடம்) மெட்டீரியல்ஆப்புக்கு மேலே நிற்கிறது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே என்ன சமையல் என்று பார்க்க முடியாதல்லவா? அதற்குத் தெரிவது ஃப்ளட்டரின் இயல்பு தீம் மட்டுமே. முகப்புத் திரையைத் தனி விட்ஜெட்டாகப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

சோதிக்கும் முறை

எல்லா உறுப்புகளும் ஒரே இடத்தில் தெரியும்படி ஒரு மாதிரித் திரை செய்யுங்கள்: எல்லா வகைப் பட்டன்களும், முடக்கிய பட்டனும், உள்ளீட்டுப் பெட்டியும், அதன் பிழை நிலையும், அட்டையும், 15 எழுத்து நடைகளும், உங்கள் சொந்த நிறங்களும். அதையே ‘தீம்’ விட்ஜெட்டால் சுற்றி, மேலே பகலும் கீழே இருளுமாக இரண்டு முறை காட்டலாம். தீமில் ஒரு வரி மாற்றினால் இந்தத் திரையைத்தான் முதலில் பார்ப்பேன்.

பிறகு போனின் அமைப்பில் எழுத்தளவைக் கடைசிவரை ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு 14இல் அது 200 சதவீதம் வரை போகும். வயதானவர்கள் நிஜமாகவே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எந்த வரி வெட்டுப்படுகிறதோ, அங்கே நீங்கள் உயரத்தை எண்ணில் நிர்ணயித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

ஃப்ளட்டரின் சோதனை நூலகத்தில் ‘மீட்ஸ்கைட்லைன்’ என்று ஒன்று இருக்கிறது. ‘டெக்ஸ்ட்கான்ட்ராஸ்ட்கைட்லைன்’ கொடுத்தால் எழுத்தின் கான்ட்ராஸ்டையும், ‘ஆண்ட்ராய்டுடேப்டார்கெட்கைட்லைன்’ கொடுத்தால் தொடும் பரப்பையும் அதுவே அளந்து சொல்லும். மாதிரித் திரைக்கு இந்த இரண்டையும் பகல், இருள் இரண்டிலும் எழுதி வைத்துவிடுங்கள்.

இயந்திரம் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு மதியம் மொட்டை மாடிக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, எடிட்டரில் திட்டம் முழுவதும் தேடும் பெட்டியைத் திறந்து ‘கலர்ஸ்’ என்ற சொல்லையும் அதன் பின்னால் ஒரு புள்ளியையும் தட்டித் தேடுங்கள். அடுத்து ‘கலர்’ என்ற சொல்லோடு திறந்த அடைப்புக்குறியைச் சேர்த்து ஒருமுறை, ‘ஃபான்ட்சைஸ்’ என்று ஒருமுறை. தீம் கோப்புறைக்கு வெளியே எங்கெல்லாம் அகப்படுகிறதோ, அதெல்லாம் விட்டுப்போன இடங்கள். என் செயலியில் முதல் தேடலில் 61 வந்தது. ஒரு நாளைக்கு ஒரு திரை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் வேலையின் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கை பூஜ்யமான மறுநாள், எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று மாமா கேட்டார். எழுத்துக் கோப்பில் பாடிலார்ஜ் அளவை 16இலிருந்து 18 ஆக்கி, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிட்டேன்.